விசாரிக்கத் தெரியாதவர்

அந்த அம்மாள் யாரையும் "பசியாறியாச்சா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நம் ஊரில் இரண்டு தமிழர் காலையில் எதிர்ப்பட்டால் வணக்கத்துக்கு முன்னால் வருவது அந்தக் கேள்விதான். பதில் யாருக்கும் வேண்டியதில்லை. கேட்காமல் போனால் மட்டும் மனத்தாங்கல் வரும். அவர் கேட்கமாட்டார். இரண்டு தோசையைத் தட்டில் போட்டு எதிரே நகர்த்திவிட்டு, ஆமைக்குத் தண்ணீர் மாற்றப் போய்விடுவார். பசித்தவர் சாப்பிடுவார். பசிக்காதவர் ஆமையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

நான் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன். ஒரு நகராண்மைக் கழகத்தின் உரிமப் பிரிவில் கவுன்டரில் தொடங்கி, கவுன்டர்களை மேற்பார்க்கும் அறையில் முடித்தேன். பெயர் என்ன, அடையாள அட்டை எண் என்ன, கடைக்குப் பின்வாசல் உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது. சரியான கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டால் எந்த மனிதரையும் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம் என்று நம்பி ஓய்வுபெற்றேன். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்கு, எங்கள் எதிர்வீட்டுக்கு, அந்த அம்மாள் குடிவரும்வரை அந்த நம்பிக்கைக்குச் சேதமில்லை.

குடிவந்த அன்று லோரியிலிருந்து முதலில் இறங்கியது கட்டிலோ பீரோவோ அல்ல, செடிகள். பிறகு துணியில் சுற்றிய கற்கள். பிறகு ஒரு மூன்றுகால் பூனை, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஆமை, கதவில்லாத ஒரு பழைய பறவைக் கூண்டு. எல்லாம் மின்தூக்கியை அடைத்துக்கொண்டு மேலே வந்தன. குடியிருப்பு நிர்வாகக் குழுவுக்கு நான் செயலாளர். சாமான் ஏற்ற மின்தூக்கி வேண்டுமானால் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும் என்பது விதி. விதிப் புத்தகத்தோடு போய் நின்றேன்.

"மேடம், லிஃப்ட் யூஸ் பண்றதுக்கு முன்னாடி..."

"வாங்கண்ணே. கையில இருக்கறத அங்க வெச்சிட்டு உக்காருங்க."

கையில் இருந்தது விதிப் புத்தகம். வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தேநீர் வந்தது. பூனை வந்து முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் போயிற்று. புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பினேன். அடுத்த முறை போனபோது அது ஆமைத் தொட்டிக்கு அடியில் இருந்தது. தரை அந்தப் பக்கம் சற்றுச் சரிவாம்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கலாம். பருத்திக் கைலி, மேலே ஒரு தொளதொள சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு கல். நெற்றியில் பொட்டு இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்காரர் உண்டா, பிள்ளைகள் உண்டா என்று மாடியில் எல்லோரும் என்னிடம்தான் விசாரித்தார்கள். செயலாளருக்குத் தெரியாமலா இருக்கும்! எனக்குத் தெரிந்ததெல்லாம் கிள்ளானிலிருந்து வந்தவர் என்பது மட்டுமே. அதையும் லோரியில் எழுதியிருந்த முகவரியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பூனைக்குப் பெயர் தவுக்கே. முதலாளி. மோனோரயில் தூணுக்கடியில் அடிபட்டுக் கிடந்ததாம். பெயருக்கேற்றபடி யாருக்கும் வேலை செய்யாது, எல்லோரும் தனக்கு வேலை செய்வதாக நினைத்துக்கொள்ளும். என்னைக் கண்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்ப் படுக்கும். என் மனைவியைக் கண்டால் மூன்று காலால் தத்தித் தத்தி வந்து மடியில் ஏறிக்கொள்ளும்.

இப்போது என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளை விட்டுவிட்டு அந்த அம்மாளைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஓய்வுபெற்ற மறு வருடம் ஈப்போவிலிருந்த அவளுடைய ஒரே தங்கை இறந்துபோனாள். நோய் என்று எதுவும் இல்லை. சாயங்காலம் தவறாமல் வரும் ஃபோன் ஒருநாள் வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இவளுக்குத் தூக்கம் போயிற்று. பேச்சும் குறைந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நான் சும்மா இருக்கவில்லை. கிளினிக், அங்கிருந்து கடிதம், பெரிய ஆஸ்பத்திரி, சிறப்பு மருத்துவர், மருந்து, மறுபடி பார்க்கும் நாள். ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. மருந்து தன் வேலையை ஓரளவு செய்தது. மீதி வேலையை நான் செய்யலாம் என்று தினமும் காலையில் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"தூங்கினியா? எத்தன மணிக்கு எழுந்தே? கனவு ஏதும் வந்துச்சா? இப்ப என்ன யோசிக்கிற?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லன்னா என்ன அர்த்தம்?"

எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்படி இருந்தவள்தான் ஒருநாள் எதிர்வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாள். கறிவேப்பிலை வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? குழம்பு கொதித்து வற்றி, நான் அடுப்பை அணைத்து, செய்தியும் முடிந்த பிறகு வந்தாள். கையில் கறிவேப்பிலை இல்லை. ஊதா நிறத்தில் ஒரு கல் இருந்தது.

"என்ன இது?"

"அமெதிஸ்ட்டாம்."

"எதுக்கு?"

"கையில வெச்சிக்கிறதுக்கு."

"வெச்சிக்கிட்டா?"

"வெச்சிக்கிட்டா கையில இருக்கும்" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பின் நிழல். இந்தப் பதில் அவளுடையது அல்ல என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். நான் காய்கறி வாங்கிக்கொண்டு மின்தூக்கியிலிருந்து வெளியே வருகிறேன், எதிர்வீட்டு இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் சிரிப்பு கேட்கிறது. அடக்கிக்கொண்டு மூக்கால் சிரிக்கும் சிரிப்பு. கல்யாணமான புதிதில் என் அம்மாவுக்குக் கேட்காமல் சிரிக்கப் பழகியது. அது இன்னும் அவளிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பையில் கீரை வாடும் வரை அங்கேயே நின்றேன். நான் என் வீட்டுக் கதவைத் திறந்த சத்தத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

பொறாமை என்ற சொல்லை நான் அப்போது பயன்படுத்தவில்லை. "அக்கறை" என்று குறித்துக்கொண்டேன்.

அக்கறையின் காரணமாகக் கற்களைப் பற்றிப் படித்தேன். கணினியில் அச்சடித்துக் கோடு போட்டுக்கொண்டு, ஒரு பௌர்ணமி சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் பால்கனியில் கற்களைக் கழுவி, நிலா படட்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்பு, ஊதா, தண்ணீர் நிறம், கடைசியில் கரியைப் போல ஒன்று. என் மனைவி அவற்றைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு ஜன்னல்கள் தீபாவளிக்குக்கூட அப்படித் துடைக்கப்பட்டதில்லை.

"மேடம், இதெல்லாம் என்னன்னு தெரியுமா? சிலிக்கன் டையாக்சைடு. ஆத்து மணலும் அதேதான். வேற ஒண்ணும் இல்ல."

"அப்படியாண்ணே?" என்றார். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. "அப்ப மணலும் நல்லதுதான்!"

என் மனைவி மூக்கால் சிரித்தாள். முதன்முறையாக என் எதிரிலேயே. ஆனால் அந்த அம்மாள் பக்கம் உட்கார்ந்துகொண்டு.

எங்கள் மாடியில் குழாய் சரிசெய்ய வருபவர் ஒருவர் உண்டு. என் வீட்டுக்கு வந்தால் குழாயைப் பார்ப்பார், விலையைச் சொல்வார், போவார். அந்த அம்மாள் வீட்டுக் குழாயைப் பார்க்க வந்தவர், சாப்பிட்டுவிட்டு ஆமைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்ட மகனைப் பற்றி மதியம் வரை பேசியிருக்கிறார். கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் தோன்றியது, அந்த அம்மாள் என்ன கேட்டிருப்பார் என்பதுதான். என் மனைவியிடம் விசாரித்தேன்.

"அவங்க ஒண்ணும் கேக்கலங்க."

"கேக்காம எப்படிச் சொல்வான்?"

"அதான் சொல்றாங்க."

"உன்கிட்டயும் கேக்க மாட்டாங்களா? தங்கச்சியப் பத்தி?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க கேக்கறப்ப எனக்குக் கவுன்டர் முன்னாடி நிக்கற மாதிரி இருக்கு. பின்னாடி வரிசை நிக்கற மாதிரி." அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். தகவலாகச் சொன்னாள்.

என்னையும் சோதித்துப் பார்ப்பது என்று ஒருநாள், அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், தனியாக எதிர்வீட்டுக்குப் போனேன். அவரை ஒரு கேள்வியாவது கேட்கவைக்காமல் எழுந்திருப்பதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்தேன். அந்த அம்மாள் பயறு ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு கல்லை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பயற்றுக்குத் திரும்பினார்.

"இதுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கா மேடம்?"

"எதுக்குண்ணே?"

"கல் குடுக்கறதுக்கு."

"கல்லுக்கா?" குலுங்கிச் சிரித்தார். "நீங்கதான் சொல்லணும். நீங்கதான குடுத்துக்கிட்டு இருந்தீங்க."

மறுபடி பயற்றின் மேல் குனிந்தார். கீழே ரயில் போயிற்று. தொட்டிச் செடிகளில் ஏதோ ஒன்று மழைவாசனையை வைத்துக்கொண்டிருந்தது. தவுக்கே என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது. கையிலிருந்த கல் குளிர்ந்திருந்து, மெல்ல என் சூட்டுக்கு வந்தது. எந்தக் கல்லும் அப்படித்தான் வரும். ஆனால் எனக்குத் தொண்டைக்குள் ஒரு வாக்கியம் ஏறிவந்தது. "என் வீட்டுக்காரிக்கு என்கிட்ட பேசறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு." பாதி தூரம் வந்துவிட்டது. கல்லை மேசையில் வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷா ஆலம் ஏரிப் பூங்காவுக்குப் போவோம். போவோம் என்றால், அவர்கள் இருவரும் போவார்கள், நான் கார் ஓட்டுவேன். புல்லில் பனி காயாத நேரம். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மரத்தடியில் வெறுமனே நிற்பார். நடக்கமாட்டார், மூச்சுப்பயிற்சி செய்யமாட்டார், கையை உயர்த்தமாட்டார். நிற்பார். என் மனைவியும் பக்கத்தில் நிற்பாள். பிடித்துக்கொள்ளச் சொல்லி இரண்டு ஜோடிச் செருப்பையும் என்னிடம் தந்துவிடுவார்கள். அங்கிருந்த அறிவிப்புப் பலகையில் பூங்கா விதிகளை ஒன்றுவிடாமல் படித்தேன். வெறுங்காலோடு நிற்பதற்குத் தடை ஏதுமில்லை.

இந்த நிலையில்தான் அந்த அம்மாள் மேல் புகார் வந்தது.

கொடுத்தவர் எங்களுக்குக் கீழ்மாடியில் இருப்பவர். சிப்பாங் பக்கம் ஏதோ கிடங்கில் இரவு வேலை. விடியற்காலையில் வந்து படுத்தால் மேலே பறவை கத்துகிறது, தூங்க முடியவில்லை, அந்த அம்மாள் பால்கனியில் கூண்டில் வைத்திருக்கும் பறவையை அகற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அடுக்குமாடி விதிப்படி, அண்டைவீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை அகற்றச் சொல்லிக் குழு அறிவிப்பு அனுப்பலாம். அனுப்பவேண்டியவர் செயலாளர்.

என்னுடைய அந்த வாரத்தை மறைக்க விரும்பவில்லை. நன்றாகப் பசித்தது. காலையில் முகம் மழிக்கும்போது பழைய பாட்டு ஒன்று வாயில் வந்தது. அறிவிப்பு ஒன்று போனால் அடுத்தது போகும். பறவைக்குப் பின் பூனை, பூனைக்குப் பின் நடைவழியில் வைத்த செடிகள். அந்த அம்மாள் சண்டைபோடக்கூடியவர் அல்லர். கற்களைத் துணியில் சுற்றிக்கொண்டு லோரி ஏறிவிடுவார். கறிவேப்பிலை கடையில் கிடைக்கும்.

கூட்டம் சாயங்காலம். கீழே போவதற்கு முன், நான் வெளியே போவதாகச் சொல்லச் சாவியோடு எதிர்வீட்டுக்குப் போனேன். மரக்கதவு திறந்திருந்தது, இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் என் மனைவி பிரம்பு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஊதாக் கல் விரல்களிலிருந்து நழுவி மடியில் பூனையின் முதுகில் கிடந்தது. குறட்டையா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன், குறட்டைதான். மாத்திரை போட்ட தூக்கம் எனக்குத் தெரியும், அதில் நெற்றி சுருங்கியிருக்கும். இது அது அல்ல.

தரையில் உட்கார்ந்து கீரை கிள்ளிக்கொண்டிருந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

"அக்கா தூங்கறாங்கண்ணே."

சாதாரணச் சொல். இந்த நாட்டில் கடைக்காரி முதல் டாக்சி ஓட்டுநர் வரை யாரையும் அக்கா என்கிறார்கள். ஆனால் ஈப்போவிலிருந்து சாயங்காலம் சாயங்காலம் வந்த ஃபோனில், ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இவள் வெங்காயம் நறுக்கும்போது, முதலில் விழும் சொல்லும் அதுதான். அந்தச் சொல் அதே சாயங்கால நேரத்தில் இந்த வீட்டில் கிடைத்துக்கொண்டிருந்தது. நான் மருத்துவரிடமிருந்து மருத்துவரிடம் அவளைக் கொண்டு அலைந்தது எதைத் தேடி என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என்னால் அதைத் தர முடியாது. எந்த முறைப்படியும் நான் அவளுக்குத் தங்கையாக முடியாது.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்த பிறகு வந்தவனைப் போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். பிறகு கீழே போனேன்.

குழுத் தலைவர் காப்புறுதி பாலிசி விற்கும் இளைஞர். எதையும் சீக்கிரம் முடிக்கவேண்டும் அவருக்கு. புகார்தாரர் கண் சிவக்க உட்கார்ந்திருந்தார்.

"மணி அஞ்சாச்சுன்னா ஆரம்பிச்சிடுது அங்கிள். கூ... ஊ... கூ... ஊன்னு மேல மேல ஏத்திக்கிட்டே போவுது. கழுத்த நெரிக்கற மாதிரி. என்ன பறவைய வெச்சிருக்காங்களோ தெரில."

"அது குயில்" என்றேன்.

"என்னது?"

"குயில். கார் நிறுத்துற எடத்துல தூங்குமூஞ்சி மரம் இருக்குல்ல, அதுல இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தலைவர் சிரித்தார். "அங்கிள், வெளாடாதீங்கலா. குயில் பாடும். இது கத்துது."

"குயில் எப்படியிருக்கும்னு தெரியாதா எங்களுக்கு? எத்தன பாட்டுல வருது!" என்றார் புகார்தாரர்.

"பாட்டுல வர்ற குயிலுக்கு யாரோ புல்லாங்குழல் வாசிச்சாங்க. இது நெசக் குயில். இப்படித்தான் கத்தும்."

அவர்கள் நம்பவில்லை. அரைமணி நேரம் தமிழர்கள் ஐந்தாறு பேர் குயிலின் குரலைப் பற்றி வாதாடினோம். ஒருவர் கைபேசியில் சினிமாப் பாட்டு ஒன்றையே ஆதாரமாகப் போட்டுக் காட்டினார். எனக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம் பறவை ஞானம் அல்ல. விடியுமுன்பே எழுந்து என் பால்கனியிலிருந்து அந்த அம்மாள் வீட்டை நான் பல மாதங்களாகக் கவனித்து வந்தேன். அவர் எப்போது எழுகிறார், எந்தச் செடிக்கு முதலில் தண்ணீர், ஆமை எந்தப் பக்கம் தலை வைக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கறுப்புப் பறவை சிவந்த கண்ணோடு கிளையில் நின்று தொண்டை கிழியக் கத்துவதும் அந்தக் கவனிப்பில் சேர்ந்து வந்ததுதான். ஒருவர் மேல் பொறாமைப்படுபவன் அளவுக்கு அவரை யாரும் பார்ப்பதில்லை.

"அப்ப கூண்டு எதுக்கு?" என்றார் தலைவர்.

நேரடிப் பார்வைக்கு விதியில் இடமுண்டு என்று எல்லோரையும் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனேன். கைபேசி விளக்கை மேலே அடித்தார்கள். கூண்டு தெரிந்தது. உள்ளே மணி பிளான்ட். கம்பிகள் வழியாக நாலாப் பக்கமும் இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு தலைவர் என் தோளைத் தொட்டார். "சரி அங்கிள், பறவ இல்ல. பூன இருக்குல்ல? வந்ததுக்கு அதைச் சேத்து எழுதிடுங்க. ஒரு வரிதான."

ஒரு வரிதான். பேனா என் சட்டைப் பையில் இருந்தது.

"புகார்ல இல்லாதத தீர்மானத்துல சேர்க்க முடியாது" என்றேன். "புதுப் புகார் வேணும். புது அறிவிப்பு வேணும். அப்பறம் அடுத்த கூட்டம்."

"அடேங்கப்பா. அப்ப விடுங்க" என்றார் தலைவர். அவருக்குப் பூச்சோங்கில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார்.

நிகழ்ச்சி நிரலில் கடைசியாக 'இதர விஷயங்கள்' என்று ஒன்று உண்டு. உலகத்திலுள்ள எதையும், பூனையையும் சேர்த்து, அதன் வழியாக உள்ளே கொண்டுவரலாம். அதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. இதைக் கருணை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்த தூக்கம் அந்த வீட்டில்தான் இருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது.

புகார்தாரர் மறுநாள் விடியற்காலையில் வேலையிலிருந்து வந்தவர் நேரே மரத்தடிக்குப் போய் அண்ணாந்து நின்றாராம். அது அவர் தலைக்கு மேலேயே கத்தியதாம். "பாட்டுல ஏமாத்திட்டாங்க அங்கிள்" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

அன்று மாலை என் மனைவி ஓடிவந்தாள். ஓடி. முகம் மலர்ந்திருந்தது.

"ஏங்க, தெரியுமா? யாரோ புகார் குடுத்திருந்தாங்களாம். எதிர்வீட்ல அவங்க அந்தக் கறுப்புக் கல்ல வாசல்ல வெச்சாங்களாம். புகார் தானா விழுந்திருச்சாம்!"

"தானாவா?"

"கல்லு வேல செஞ்சிருச்சுங்க!"

வாயைத் திறந்தேன். 'இதர விஷயங்கள்' என்ற இரண்டு சொல்லும் நாக்கு நுனியில் நின்றன. முப்பது வருடச் சேவையில் என் வேலைக்கான பெயரை மேலதிகாரிகள் எடுத்துக்கொண்டதுண்டு. மந்திரி ஒருவர்கூட எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கல்லிடம் தோற்றது அதுவே முதல் முறை. அவள் முகத்தைப் பார்த்தேன். "நல்ல கல்லுதான்" என்றேன்.

மறு வருடம் மழைக்காலம் முடிந்ததும் அந்த அம்மாள் கிளம்பினார். மறுபடி கிள்ளானுக்கு. ஏன் என்று கேட்டேன். "போகணும்னு தோணுச்சுண்ணே." இதற்கு மேல் ஒருவரிடம் என்ன கேட்பது? ஆனால் செடிகளை லோரியில் ஏற்ற உதவிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காத நேரத்தில், தானாகச் சொன்னார்.

"நானும் கவுன்டர்லதாண்ணே இருந்தேன். கிளினிக்ல. பேரு என்ன, வயசு என்ன, எங்க வலிக்குது, எத்தன நாளா வலிக்குது. வர்றவங்க நிக்கவே முடியாம நிப்பாங்க, நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒருநா கேக்க வாய் வரல. எழுந்து வந்துட்டேன்."

அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இல்லை, அதிகமாகவும் இருந்தது. அதே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அதே கேள்விகளைக் கேட்ட ஒருவர், வேறொரு வாசல் வழியாக வெளியேறியிருக்கிறார். எனக்குப் பிரிவுபசார விருந்தும் சுவர்க்கடிகாரமும் தந்தார்கள். அவருக்கு ஆமை.

தவுக்கேயை என் மனைவியிடம் விட்டுப்போனார். கூண்டையும். அது எங்கள் பால்கனியில் தொங்குகிறது. இலைகள் என் நாளிதழ்மேல் படுகின்றன.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் என் மனைவி கிள்ளானுக்குக் கமியூட்டர் ரயில் ஏறினாள். தூக்குச்சட்டியில் புட்டும் நெத்திலிச் சம்பலும். நான் ஸ்டேஷன் வரை கொண்டுவிடுவேன். திரும்பி வந்ததும் கேட்பேன். வீடு எப்படி இருக்கு? என்ன பேசினீங்க? என்னைப் பத்தி ஏதும் சொன்னாங்களா? "நல்லா இருக்காங்க" என்பாள். அதில் எல்லாப் பதிலும் அடக்கம்.

ஒரு சனிக்கிழமை அவள் மிகச் சீக்கிரம் திரும்பிவிட்டாள். போய் இறங்கி உடனே அடுத்த ரயிலைப் பிடித்தால்தான் அந்த நேரத்துக்கு வரமுடியும். கதவைத் திறந்தேன். தூக்கு இருந்த பக்கம் தோள் சாய்ந்திருந்தது; ஒன்றும் காலியாகவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றாள். தங்கை இறந்த வாரத்தில் ஈப்போவிலிருந்து திரும்பி அவள் இப்படித்தான் நின்றாள். அன்று நான் என்னென்ன கேட்டேன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஏன் சீக்கிரம், என்ன ஆச்சு, அவங்க இல்லையா, எங்க போனாங்க, யார்கிட்ட விசாரிச்சே, ஃபோன் பண்ணினியா. எல்லாம் வரிசையாக, சரியான வரிசையில், வாய்க்குள் வந்து நின்றன.

"கையில இருக்கறத வெச்சிட்டு உக்காரு" என்றேன்.

என் வாயிலிருந்து அவருடைய வாக்கியம். எரிச்சலாக இருந்தது. ஆனால் என் சொந்தச் சரக்கில் அந்த நேரத்துக்கு உதவக்கூடியது எதுவும் இல்லை.

தூக்கை வைத்தாள். உட்கார்ந்தாள். தவுக்கே தத்தி வந்து ஏறிக்கொண்டது. நான் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மணி பிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஏற்கெனவே ஊற்றியிருந்தேன், கீழே வழிந்தது. மரத்தில் அந்தச் சனியன் பிடித்த குயில் ஒருமுறை கத்தி நிறுத்தியது.

"வீடு பூட்டியிருக்குங்க" என்றாள். "காலி பண்ணிட்டாங்களாம். எங்கன்னு பக்கத்துல யாருக்கும் தெரியல. ஃபோனும் போகல."

நான் நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். சுவரைப் பார்க்காமல் பால்கனியைப் பார்த்து. அவள் தங்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். சின்ன வயதில் இருவரும் ஒரே போர்வைக்குச் சண்டைபோட்டது. கடைசி ஃபோனில் மீன் வாங்கியதைப் பற்றி மட்டுமே பேசியது. கேள்வி கேட்க அதில் எத்தனையோ இடம் இருந்தது. எந்த மீன் என்றுகூடக் கேட்கலாம். கேட்கவில்லை. தேநீர் ஆறி ஏடு கட்டியது.

பேசி முடித்துவிட்டு வெகுநேரம் என்னையே பார்த்தாள்.

"ஏன் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறீங்க?"

நான் தோளைக் குலுக்கினேன்.

"உடம்பு சரியில்லையா?"

கையை நீட்டி என் நெற்றியில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. உள்ளங்கை கதகதப்பாக இருந்தது. வந்ததிலிருந்து அவள் ஒரு கையில் அந்த ஊதாக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இது கல் இருந்த கையா, இல்லாத கையா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. மிகவும் தெரியவேண்டியிருந்தது.

கேட்கவில்லை.